கோதா மண்

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோல்ஹாப்பூரில் ‘தாலீம்’ எனப்படும் பழைய குஸ்திப் பயிற்சிக்கூடம் ஒன்றின் தாழ்வான வாசலில் தலையைக் குனிந்து உள்ளே போனேன். செருப்பு வெளியே. எண்ணெயும் மஞ்சளும் ஈர மண்ணும் கலந்த வாசம். ஒரு மாடத்தில் அனுமார், எதிர்ச் சுவரில் அந்த ஊரை ஆண்ட சாகு மகாராஜாவின் படம். நடுவில் சதுரமான பள்ளம், அது நிறையச் செம்மண். லங்கோடு கட்டிய பையன்கள் நாலு பேர் அதில் இறங்கி மண்வெட்டியால் கொத்திக்கொண்டிருந்தார்கள். குஸ்தி பார்க்கப் போனவன் முதல் முக்கால் மணி நேரம் பார்த்தது உழவுதான்.

நான் வசிப்பது நாயுடுபேட்டையில். ஸ்வர்ணமுகி ஆற்றோரத்து ஊர். 2022 வரை நெல்லூர் மாவட்டம், இப்போது திருப்பதி மாவட்டம். சென்னைக்குப் போகும் நெடுஞ்சாலையும் ரயிலும் ஊரைத் தொட்டுப் போவதால் தமிழும் தெலுங்கும் கடைத்தெருவில் தோளுரசிக்கொண்டே நடக்கும். தேர்தல் வந்தால் தெலுங்குக்காரர் ‘கோதாவில் இறங்கிவிட்டான்’ என்று அவர் மொழியில் சொல்வார், தமிழர் நம் மொழியில் அதையே சொல்வார். வஸ்தாது என்ற சொல்லும் அப்படித்தான், இரண்டு மொழியிலும் ஒரே ஆள். பயில்வான், குஸ்தி, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை, கசரத்து என்று ஒரு முழுப் பயிற்சிக்கூடமே நம் பேச்சுக்குள் குடியிருக்கிறது. ஆனால் கோதா என்பது மண், கொத்தி நீர் தெளித்துப் பதப்படுத்திய மண் என்பதைச் சொல்லும் வாய் குறைந்துகொண்டே வருகிறது. அந்த மண்ணைக் காலை வேளையில் பார்த்துவிட வேண்டும் என்றுதான் ஆந்திரத்தையும் கர்நாடகத்தையும் குறுக்காகக் கடந்து கோல்ஹாப்பூர் போனேன்.

டோக்கியோவுக்குப் போகிற சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையில் சுமோ பயிற்சிக்கூடங்களின் வாசலில் காத்திருப்பதைப் படத்தில் பார்த்திருப்போம். அந்தக் கூடத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘ஹேயா’ என்று பெயர். நாற்பதுக்கும் மேற்பட்ட ஹேயாக்கள், அவற்றில் சுமார் 600 தொழில்முறை மல்லர்கள். பார்க்க வருபவர் ஓரத்து மேடையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். பேசக் கூடாது, உள்ளங்கால் களத்தைப் பார்க்கும்படி நீட்டக் கூடாது. கோல்ஹாப்பூரில் அந்த ஒழுங்கை யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் நான் காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார்ந்தேன். மண்ணுக்கு எதிரே அப்படித்தான் உட்காரத் தோன்றுகிறது.

ஏன் தினமும் கொத்துகிறார்கள்? இதற்கு விடை சொல்ல ஒரு சின்னக் கணக்குப் போதும். 80 கிலோ எடையுள்ள ஒருவரைத் தூக்கி ஒரு மீட்டர் உயரத்திலிருந்து போட்டால், தரையைத் தொடும்போது அவர் வேகம் நொடிக்கு 4.4 மீட்டர். அந்த வேகம் பூஜ்யமாகியே தீர வேண்டும், அதற்கு எவ்வளவு தூரம் கிடைக்கிறது என்பதில்தான் எலும்பின் கதி இருக்கிறது. சிமென்ட் தரை கிட்டத்தட்ட எதையும் விட்டுக்கொடுக்காது. தசை நசுங்கி ஒரு சென்டிமீட்டரில் உடல் நின்றுவிட்டால், சராசரியாக அவர் எடையைப் போல் நூறு மடங்கு விசை அவர்மேல் விழும். கொத்திய மண் ஐந்து சென்டிமீட்டர் அமிழ்ந்து கொடுத்தால் அதே வீழ்ச்சியில் விசை இருபது மடங்காகக் குறைகிறது. விழுந்தவனின் ஆற்றல் ஆயிரக்கணக்கான மண்மணிகள் ஒன்றோடொன்று உராய்ந்து இடம் மாறுவதில் செலவழிந்துபோகிறது. அதனால் மண் பந்தைப் போல அவனைத் திருப்பி எறிவதும் இல்லை. ஆனால் ஒரு நாள் மிதிபட்டால் மணிகள் இறுகிவிடும். இடைவெளி போய்விட்டால் மெத்தை போய்விட்டது. ஆகவே மறுநாள் விடியலில் மறுபடி மண்வெட்டி.

ஈரத்தின் கதை இன்னும் நுட்பமானது. காய்ந்த மணலில் வீடு கட்ட முடியாது, சேற்றிலும் முடியாது. கொஞ்சம் ஈரமிருந்தால் மணிகளுக்கு நடுவே நுண்ணிய நீர்ப்பாலங்கள் உண்டாகி, பரப்பு இழுவிசையால் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கின்றன. கடற்கரையில் குழந்தை கட்டும் கோபுரம் நிற்பது அதனால்தான். தாலீமில் மண்ணை ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் அழுத்தித் திறந்து பார்க்கிறார்கள். உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்தால்தான் கால் வழுக்காது, புழுதி பறக்காது, தோல் கிழியாது. காவி, மஞ்சள்தூள், எண்ணெய், மோர், எலுமிச்சைச் சாறு, கற்பூரம் என்று அதில் சேர்ப்பவற்றின் பட்டியல் கூடத்துக்குக் கூடம் மாறும். வெறும் தோலும் வெறும் தோலும் உரசும் விளையாட்டில் படர்தாமரை போன்ற தொற்று தீராத தொல்லை. தினமும் கிளறிக் காற்றாட விடும் பழக்கத்துக்கும் மஞ்சளுக்கும் அந்தக் கவலையே பின்னணி.

சுமோவில் இதற்கு நேர் எதிர். அங்கே களிமண்ணைக் கொத்துவதில்லை. தட்டித் தட்டிக் கல்லைப் போல் இறுக்குகிறார்கள். ‘தோஹ்யோ’ என்ற அந்த வட்டத்தின் விட்டம் 4.55 மீட்டர். மேலே மெல்லிய மணல் மட்டும் தூவியிருக்கும். வட்டத்துக்கு வெளியே உடலின் எந்தப் பகுதி பட்டாலும் தோல்வி; உள்ளே உள்ளங்கால் தவிர வேறெது மண்ணைத் தொட்டாலும் தோல்வி. ஒருவரைத் தூக்கி முதுகு பட வீழ்த்துவது அதன் நோக்கம் இல்லை, தள்ளி வெளியேற்றுவதே போதும். அதற்கு, பாதத்தைத் தூக்காமல் தரையோடு தேய்த்து நகர வேண்டும். ‘சுரியாஷி’ என்று அதைத்தான் மணிக்கணக்கில் பழகுகிறார்கள். பாதத்தைத் தூக்கிய கணத்தில் மனிதன் ஒற்றைக்காலன், அந்தக் கணத்துக்காகத்தான் எதிராளி காத்திருக்கிறான். உதிரும் மண்ணில் இப்படித் தேய்க்க முடியாது, இறுகிய களிமண்ணில் முதுகு பட விழ முடியாது. ஆட்டத்தின் விதிகள் மண்ணை முடிவு செய்தனவா, மண் விதிகளை முடிவு செய்ததா என்று யோசித்துக்கொண்டே இருக்கலாம்.

கொத்தி முடித்த பையன்கள் பஸ்கியில் இறங்கினார்கள். இடுப்பைத் தாழ்த்தி, குதிகால் உயர, முன்பாதத்தில் உட்கார்ந்து எழும் அசைவு. யாரும் வாய்விட்டு எண்ணவில்லை. மூச்சுச் சத்தம் மட்டும், நெல் குத்துவதுபோல் ஒரு தாளத்தில். சுமோவில் இதன் தம்பி ‘ஷிகோ’. ஒரு காலைப் பக்கவாட்டில் உயர்த்தி, மறுகாலில் நின்று, பிறகு தூக்கிய காலைத் தரையில் அறைந்து தாழ உட்காருவது. அதையும் நூற்றுக்கணக்கில் செய்கிறார்கள். இரண்டு நாட்டிலும் காலையின் முதல் பாடம் காலுக்கு என்பது தற்செயல் அல்ல.

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்பாகம் கனம், மேல்பாகம் லேசு. எப்படித் தட்டினாலும் நிமிர்ந்துவிடும். மனித உடலின் ஈர்ப்பு மையம், நின்றால், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, தரையிலிருந்து ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும். இரண்டு பாதத்தையும் சாதாரணமாக வைத்து நிற்கும்போது அந்த மையத்திலிருந்து ஆதாரத்தின் விளிம்பு பக்கவாட்டில் 15 சென்டிமீட்டர்தான். இந்த இரண்டு எண்ணையும் வைத்துக் கணக்குப் போட்டால், ஒன்பது பாகை சாய்த்தாலே ஆள் கவிழ்ந்துவிடுவான். அவனே காலை அகட்டி இடுப்பைத் தாழ்த்தட்டும். மையம் 60 சென்டிமீட்டருக்கு இறங்கி, விளிம்பு 45 சென்டிமீட்டர் தள்ளிப் போனால், கவிழ்க்க 37 பாகை சாய்க்க வேண்டும். அதே எடை, அதே தசை. நிலை மட்டும் நாலு மடங்கு உறுதி. ஆனால் அந்த நிலையில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள், தொடை எரியும். எரியாத தொடையைச் செய்வதுதான் பஸ்கி.

1910 செப்டம்பர் 10 அன்று லண்டனில் நடந்த ஒரு போட்டி இதற்கு வினோதமான சாட்சி. அமிர்தசரஸ் பக்கம் பிறந்த காமா பயில்வானும் போலந்துக்காரர் ஸ்பிஸ்கோவும் மோதினார்கள். தினமும் ஆயிரக்கணக்கில் பஸ்கியும் தண்டாலும் எடுத்தவர் காமா. ஆட்டம் தொடங்கிச் சற்று நேரத்திலேயே அவர் கை பட்டதும் ஸ்பிஸ்கோவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. குப்புறப் படுத்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல், பெரும்பாலும் தரையோடு தரையாகவே இருந்தார். ஈர்ப்பு மையம் இனிக் கீழிறங்க இடமில்லாத ஒருவரை எப்படி வீழ்த்துவது? ஆட்டம் முடிவில்லாமல் நின்றது. ஒரு வாரம் கழித்து மறுபடி மோத வேண்டிய நாளில் ஸ்பிஸ்கோ வரவில்லை. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா அவரை வீழ்த்தினார். லண்டனில் ஸ்பிஸ்கோ செய்ததைக் கோழைத்தனம் என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது தன் நிலையைத் துல்லியமாகக் கணக்கிட்ட ஒரு மல்லனின் அறிவாகவே தெரிகிறது.

தாலீமில் பத்து, பன்னிரண்டு வயதுப் பையன்களும் இருந்தார்கள். சுமோவில் நடுநிலைப் பள்ளி முடித்த பதினைந்து வயதில் சேர்கிறார்கள். இத்தனை சீக்கிரம் ஏன்? தசை, கேட்டால் கொடுத்துவிடும் பொருள். சில வாரப் பயிற்சியில் பலம் கூடும், விட்டால் வற்றும். தசையை எலும்போடு கட்டும் தசைநாண் அப்படி அல்ல. 1950, 60-களின் அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தில் கார்பன்-14-ஐ ஏற்றிவிட்டன; அது அந்தக் காலத்தில் வளர்ந்த எல்லா உடம்பிலும் ஒரு தேதி முத்திரைபோல் பதிந்தது. அந்த முத்திரையை வைத்து டென்மார்க் ஆய்வாளர்கள் குதிகால் தசைநாணின் உட்பகுதியைச் சோதித்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய பதினேழு வயதோடு அதன் மையப்பகுதி உருவாகி முடிந்துவிடுகிறது, பிறகு அந்த இழை கிட்டத்தட்டப் புதுப்பிக்கப்படுவதே இல்லை. அறுபது வயதில் நாம் எந்தக் கயிற்றில் நடக்கிறோமோ அது பள்ளிக்கூட வயதில் திரித்த கயிறு. இதைப் படித்த நாளிலிருந்து, பஸ்கி எடுக்கும் சிறுவனைப் பார்த்தால் ஒருவிதப் பயபக்தி எனக்கு உண்டாகிறது.

கர்லாக்கட்டையைப் பற்றிச் சுருக்கமாக. கனம் முழுக்க நுனியில், பிடி மெலிந்தது. தலைக்குப் பின்னால் சுழற்றும்போது தோள் வெறும் எடையைத் தூக்குவதில்லை, சுழன்று ஓடும் ஒன்றைப் பிடித்து நிறுத்தி, திசை மாற்றி அனுப்புகிறது. தோள்மூட்டின் உள்ளடுக்கில் இருக்கும் சின்னச் சின்னத் தசைகள் வலுப்பது அந்த நிறுத்துதலில்தான். இரும்பு டம்பெல்லில் கிடைக்காத பாடம் அது.

ஆறு மணி சுமாருக்கு ‘ஜோர்’ தொடங்கியது. ஜோடி சேர்ந்து மோதும் பயிற்சி. இருவரும் குனிந்து ஆளுக்கொரு பிடி மண்ணை எடுத்து எதிராளியின் தோளிலும் புறங்கழுத்திலும் தேய்த்துவிட்டார்கள். மரியாதை என்று பார்க்கலாம், வியர்வையில் வழுக்காமலிருக்க என்றும் பார்க்கலாம். இரண்டும் உண்மை. பிறகு நெற்றியோடு நெற்றி, கை எதிராளியின் பிடரியில். ரொம்ப நேரம் ஒன்றும் நடக்காததுபோல் இருந்தது. சட்டென்று ஒருவன் மண்ணில் கிடந்தான். என்ன நடந்தது என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை.

தெரியாததற்குக் காரணம் இருக்கிறது. ஒரு காட்சியைக் கண்டு கை அசைய மனிதனுக்கு ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். ஒரு நுட்பத்தின் முதல் அசைவு அதற்குள் முடிந்துவிடலாம். ஆனால் தசை எதிர்பாராமல் இழுபடும்போது தண்டுவடம் 0.05 நொடிக்குள்ளேயே பதில் சொல்லிவிடுகிறது. அடுத்த கணத்தில், 0.1 நொடிக்குள், மூளையும் கலந்த இன்னொரு பதில் வருகிறது, பழக்கத்தால் மாற்றக்கூடிய பதில். பிடரியில் வைத்த கை இதற்காகத்தான். எதிராளி எடையை எந்தக் காலுக்கு மாற்றுகிறான் என்பதை அந்தக் கை கண்ணைவிட முன்னதாக அறிகிறது. மல்லன் உண்மையில் தொட்டுத்தான் பார்க்கிறான். பார்வையற்றோருக்கான ஜூடோ 1988 முதல் பாராலிம்பிக்கில் இடம்பெற்றிருக்கிறது, அங்கே இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்ட பிறகே ஆட்டம் தொடங்கும். பிடி கிடைத்துவிட்டால் கண் எவ்வளவு சின்ன விஷயமாகிவிடுகிறது!

மூத்தவர் ஒருவர் தன்னைவிட இளையவனுக்குத் திரும்பத் திரும்ப மார்பைக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவன் பாய்வான், அவர் தாங்குவார், சரியாகச் செய்தால் விழுவார், தவறினால் அவனை உருட்டிவிடுவார். ஹேயாக்களில் பயிற்சியின் கடைசிக் கட்டமும் இதுவே. ‘புட்ஸுகாரி’ என்ற பெயரில், மூத்த மல்லர் மார்பை விரித்து நிற்க, இளையவர் அவரை வட்டத்தின் விளிம்புவரை தள்ளிக்கொண்டு போவார், பிறகு உருண்டு எழுந்து மறுபடி. விழக் கற்றுக்கொள்வது பாதிப் படிப்பு. விழும் உடல் ஒரே புள்ளியில் தரையைத் தொடாமல் தோள், முதுகு, இடுப்பு என்று உருண்டால், அதிர்ச்சி பரப்பிலும் நேரத்திலும் பங்கு போடப்படுகிறது. மண் செய்யும் வேலையில் மீதியை உடலே செய்துகொள்கிறது.

இதெல்லாம் வெறும் வயிற்றில். தாலீமில் முடித்த பிறகே ஊறவைத்து அரைத்த பாதாமும் பாலும். ஹேயாவில் பயிற்சி, குளியல், பிறகு இறைச்சியும் மீனும் காய்கறியும் கொதிக்கும் பெரிய சட்டி, ‘சாங்க்கோ’. அதன் பிறகு தூக்கம். தொழில்முறைச் சுமோவில் எடைப் பிரிவு கிடையாது. அதனால் கனமே ஆயுதம், முதல் பிரிவில் 150 கிலோ தாண்டியவர்கள் சகஜம். அந்தக் கொழுப்பைப் பற்றி ஜப்பானிய மருத்துவர்கள் சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. பயிற்சியில் இருக்கும் மல்லரிடம் கொழுப்பு பெரும்பாலும் தோலுக்கு அடியில் இருந்தது; குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்ந்து நீரிழிவையும் இதய நோயையும் கொண்டுவரும் உட்கொழுப்பு எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இடைவிடாத உழைப்பு அதை எரித்துவிடுகிறது. ஓய்வு பெற்றபின் அந்தக் காவல் போய்விடும். சுமோ மல்லர்களின் சராசரி ஆயுள் மற்ற ஜப்பானிய ஆண்களைவிடக் குறைவு என்ற உண்மையையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மண்ணில் வெகுகாலம் பெண்கள் கால் வைக்க முடியாமலிருந்தது. தோஹ்யோவில் இன்றும் முடியாது. 2018 ஏப்ரலில் ஜப்பானின் மாய்சுரு நகரில், மேடையில் பேசிக்கொண்டிருந்த மேயர் மயங்கி விழுந்தார். முதலுதவி செய்ய ஓடிவந்த பெண்களை, இறங்கிப் போகும்படி ஒலிபெருக்கியில் நடுவர் கேட்டுக்கொண்டார். சுமோ சங்கம் பிறகு மன்னிப்புக் கேட்டது, விலக்கு மட்டும் நீங்கவில்லை. மண்ணுக்கு ஆண், பெண் தெரியாது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சாக்‌ஷி மாலிக் வெண்கலம் வாங்கியதும், மும்பையின் ஹேதல் தவே சுமோவிலேயே இந்தியாவுக்காக ஆடியதும் அதைக் காட்டிவிட்டன. நான் போன தாலீமிலும் அன்று ஒரு சிறுமிகூட இல்லை. அது எனக்கு வருத்தம்.

வெளியே வந்தபோது வெயில் ஏறியிருந்தது. காஸ்பாக் குஸ்தி மைதானத்துக்கு நடந்தேன். ஐரோப்பா போய் ரோமின் பழைய அரங்கைப் பார்த்துவந்த சாகு மகாராஜா 1912-இல் கட்டியது, சுமார் 30,000 பேர் கொள்ளும். 1902-லேயே இடஒதுக்கீட்டைக் கொண்டுவந்த அதே சாகுதான். கோதா கீழே நடுவில். சுற்றிலும் சரிந்து ஏறும் இருக்கைகள், எந்த மூலையில் உட்கார்ந்தாலும் பார்வை மறைக்காது. இந்த ஊரில் படித்து, இந்த மண்ணில் புரண்டவர்தான் கசாபா ஜாதவ். 1948-இல் லண்டன் ஒலிம்பிக்குக்குப் போனார். அதுவரை மெத்தை விரிப்பில் ஆடிப் பழக்கமே இல்லை. விரிப்பு மண்ணைப் போலப் பாதத்துக்கு அடியில் நெகிழாது. மண்ணில் மெதுவாக அழுத்தி, களைப்படையச் செய்து, வாய்ப்புக்காகக் காத்திருக்கலாம். விரிப்பில் வேகம்தான் எல்லாம். அப்படியும் ஆறாவது இடம் பெற்றார். 1952-இல் ஹெல்சிங்கியில் வெண்கலம். சுதந்திர இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அது. காலடித் தரையே மாறிப்போன நிலையில் நாலு வருடத்தில் தன் பாதத்துக்கு வேறொரு மொழி கற்றுக்கொடுத்த மனிதர்.

நமக்கும் இது புதிதல்ல. புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் சாத்தந்தையார் ஒரு மற்போரைப் பாடுகிறார். ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியது. அந்தப் புலவர் வீரன் வென்றான் என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒரு கால் எங்கே இருந்தது, மற்றக் கால் என்ன செய்தது என்று பிரித்துக் காட்டுகிறார். ஒன்று மார்பில் ஊன்றி அழுத்துகிறது, மற்றொன்று எதிராளியின் தந்திரத்தைத் தடுத்து முதுகுப்புறம் வளைக்கிறது. இன்றைய வஸ்தாது யாரிடமாவது அந்தக் காட்சியை விவரித்தால் உடனே செய்து காட்டுவார். முழங்கால் வழியாக உடலின் எடை சின்னப் பரப்பில் இறங்கும்போது மார்புக்கூடு விரிய முடியாது, மூச்சு அரைகுறையாகும்; மறுகால் நழுவும் வழியை அடைக்கும். கோதாவின் ஓரத்தில் உட்கார்ந்து, காலைப் பார்த்த கண் அது. மாமல்லன் என்று பட்டம் சூடிய பல்லவனின் ஊரை இன்றும் அந்தப் பெயரில்தான் அழைக்கிறோம்.

தாலீமிலிருந்து கிளம்புவதற்கு முந்திய கடைசிக் காட்சியை இன்னும் சொல்லவில்லை. ஜோர் முடிந்ததும் பையன்கள் உடம்பு முழுக்க மண்ணை அள்ளிப் பூசிக்கொண்டு சற்று நேரம் கிடந்தார்கள், வியர்வை அடங்கட்டும் என்று. பிறகு கனமான பலகை ஒன்று வந்தது. குட்டிப் பையன் ஒருவன் அதன்மேல் ஏறிக் குந்திக்கொண்டான். பெரியவர்கள் இருவர் கயிற்றைத் தோளில் மாட்டி, பரம்படிக்கும் மாடுகள்போல் மண்மேல் இழுத்தார்கள். மேடும் பள்ளமும் நிரவிக்கொண்டே போயின. ஹேயாவில் இதே நேரத்தில் வட்டத்தைப் பெருக்கி, மணலை நடுவில் சின்னக் குவியலாகக் கூட்டி, அதில் வெள்ளைக் காகிதம் கட்டிய குச்சியை நட்டுவிட்டுப் போவார்கள். இங்கே குச்சி இல்லை. கடைசியாக இறங்கியவன் ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி மண்ணின் ஓரத்தில் செருகினான். பலகையில் உட்கார்ந்து வந்த சிறுவன் இறங்கி, தன் காலடித்தடம் பட்ட இடத்தைக் கையாலேயே தடவிச் சமமாக்கிவிட்டு, பள்ளிக்கூடப் பையை எடுக்க ஓடினான்.